புகலிடம் தேடிப் போன காமாட்சி!

குட்டீஸ், காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுச் சேலை, கோயில் கோபுரம், இட்லி... சரிதானே? அந்த ஊர்ச் சாமிகளே ஒரு முறை ஊரை விட்டுத் தப்பிப் போன கதை தெரியுமா?

1688-ஆம் ஆண்டு வாக்கில், ஔரங்கசீப்பின் படை வரப்போகிறது என்று காஞ்சியில் ஒரே பயம். வரதராஜர், ஏகாம்பரநாதர், காமாட்சி கோயில்களின் சாமி சிலைகளை எப்படிக் காப்பாற்றுவது? பிணத்தைத் தூக்கிப் போவதுபோல மூடிக் கட்டி, ரகசியமாக வெளியே கொண்டு போனார்கள்! போன இடம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் உடையார்பாளையம்.

ஆபத்து நீங்கியதும், 1710-இல் வரதராஜர் காஞ்சிக்குத் திரும்பினார். அவர் கோயில் கல்வெட்டு இதைச் சொல்கிறது. ஆனால், காமாட்சியின் தங்கச் சிலை திரும்பவே இல்லை. ஊர் ஊராகப் போய், திருவாரூரில் பல காலம் இருந்து, கடைசியில் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது. இன்றும் அங்கே 'பங்காரு காமாட்சி' கோயில் இருக்கிறது. பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம்!

சிலையோடு அர்ச்சகர் குடும்பமும் போனது. அந்தக் குடும்பத்தில் 1762-இல் திருவாரூரில் பிறந்தவர்தான், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள்.

போர், கலவரத்துக்குப் பயந்து எல்லை தாண்டி இன்னொரு நாட்டில் அடைக்கலம் கேட்பவர்களை 'அகதிகள்' என்கிறோம். பெரும்பாலும் அவர்கள் போவது பக்கத்து நாட்டுக்குத்தான். 'சீக்கிரம் திரும்பிவிடலாம்' என்று நினைத்துத்தான் கிளம்புவார்கள். சிலர் திரும்புவார்கள், சிலர் போன இடத்திலேயே வேர் விட்டுவிடுவார்கள்.

1983-இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. பிறகு நெடுங்காலம் போர். 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1995-க்குள் ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள். 2009-இல் போர் முடிந்தது. ஆனாலும் அரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் இங்கே முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது.

முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் பலர். இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்தியக் குடியுரிமையும் இல்லை! "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டுத் துளைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் கொடுங்கள்!