சந்தையில் விலை நகரும் விதம்

இணுவிலின் செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயம், கத்தரி, பயற்றை, வாழைக்குலை ஆகியவற்றிற் பெரும்பகுதி அயலிலுள்ள மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளையே நாடிச் செல்கின்றது. கிணற்று நீர் இறைத்துப் பல வாரம் பாடுபட்ட உழைப்பிற்கு அங்கே காலைவேளையில் ஒரு நாழிகைக்குள் விலை தீர்ந்துவிடுகிறது. ஆகவே அவ்விலை எவ்வாறு நகர்கின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

விலை இறங்கினால், “இன்று விற்றோர் அதிகம், வாங்கினோர் குறைவு” என்பது வழக்கம். இது முழுவதும் சரியன்று. விற்கப்பட்ட ஒவ்வொரு கிலோவும் எவராலோ வாங்கப்பட்ட கிலோவே. விற்றதும் வாங்கியதும் எப்பொழுதும் சமமாகவே இருக்கும். வேறுபடுவது அவசரம் ஒன்றே.

எடுத்துக்காட்டாக, கமக்காரர் கிலோவுக்கு 200 ரூபா கூறிக் காத்திருக்கிறார். வியாபாரி 180 ரூபாவிற்குக் கேட்டு நிற்கிறார். இருவரும் அசையாதவரை வியாபாரம் இல்லை. கமக்காரர் இறங்கிவந்து 180 ரூபாவிற்குக் கொடுப்பாராயின் அது விற்றல் அமுக்கம். அடுத்த வியாபாரி 175 ரூபாவிற்குக் கேட்கத் துணிவார். லொறி நிரம்பவில்லையே என்ற கவலையால் வியாபாரி 200 ரூபாவைக் கொடுப்பாராயின் அது வாங்கல் அமுக்கம். அடுத்த கமக்காரர் 205 ரூபா கூறுவார். காத்திருப்போர் வரம்பு போன்றவர்கள். கடந்து செல்வோரே விலையை நகர்த்துகின்றனர்.

இதிலே நுட்பமான இடம் ஒன்றுண்டு. பலர் அடுத்தடுத்து 180 ரூபாவிற்குக் கொடுத்தும் விலை இறங்காதிருந்தால், பெருந்தொகை தேவைப்படும் ஒருவர் சத்தமின்றி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம். அவர் தேவை முடியுமுன் சரக்கு தீர்ந்தால் விலை ஏறும். சரக்குத் தீருமுன் அவர் தேவை முடிந்தால் சடுதியாக விழும். மாறாக, சிறிதளவே விற்பனையாகி விலை சரியுமாயின், கேட்பவரே இல்லை என்பது பொருள். அத்தகைய நாளின் மறுநாட் காலை, பொறுக்கக்கூடிய பயிரைப் பறிக்காது விடுவதே நன்று. எனவே விலையை மாத்திரம் கேட்டறிந்தாற் போதாது. அவ்விலைக்கு எவ்வளவு கைமாறியது என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

கொழும்புப் பங்குச் சந்தை 1997ஆம் ஆண்டிற் கணினி முறைக்கு மாறியது. அங்கே காத்திருக்கும் கட்டளைகளும் நிறைவேறிய கட்டளைகளும் பதிவாகின்றன. மரக்கறிச் சந்தையிற் கண்ணும் காதுமே பதிவேடு. அங்கும் இங்கும் ஒரு பொய் உண்டு: வாங்கும் எண்ணமின்றி உரத்த குரலிற் கேட்பதும், “தம்புள்ளையில் விலை விழுந்துவிட்டது” என்று பரப்புவதும். சொல்லிய விலை வியாபாரமாகாது. நிறுத்துக் காசு கைமாறிய விலையே விலை.

வாங்குவோரின் அவசரம் சந்தைக்கு வெளியேயிருந்தும் உண்டாகும், மறையும். 1970ஆம் ஆண்டின் பின் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தென்னிலங்கை வியாபாரிகளுக்கு யாழ்ப்பாணச் சரக்கு இன்றியமையாததாயிற்று. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்பட்டதும் அந்த அவசரம் போயிற்று, விலை வீழ்ந்தது. நிலமும் உழைப்பும் மாறவில்லை. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, தெற்கிற்குச் செல்லவேண்டிய விளைச்சல் குடாநாட்டிற்குள் முடங்கியது.

கத்தரியும் பயற்றையும் காத்திரா. அவற்றை விற்போர் எந்நாளும் அவசரக்காரரே. முற்பணம் வாங்கிய கமக்காரரின் நிலையும் அதுவே. பயிர் பொறுத்தாலும் கடன் பொறுக்காது. நிறையிற் கழிவு கொள்ளும் வழக்கம் உள்ள இடத்தில், பத்துவீதக் கழிவு என்பது 180 ரூபாவை 162 ரூபாவாக்கிவிடும் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் தகும்.

வெங்காயமோ காத்திருக்கவல்லது. நன்கு உலர்த்திப் பிடிகளாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் தூக்கிவைத்தால் சில வாரங்கள் பொறுத்திருந்து பகுதி பகுதியாக விற்கலாம். நடுகைக் காலத்தில் விதை வெங்காயம் தேடுவோர் பதப்பட்ட நிலத்தை விட்டுக் காத்திருக்க இயலாது. அப்பொழுது அவசரம் வாங்குவோர் பக்கம் சேர்கிறது. ஆயினும் வைத்திருக்கும் வெங்காயம் நாளுக்குநாள் நிறை குறையும், சில அழுகும். கட்டித் தூக்கும்போது ஒருமுறையும் பின் இரு வாரத்திற்கொருமுறையும் ஒரே பிடியை நிறுத்துக் குறித்துவந்தால், எதிர்பார்க்கும் விலையேற்றம் அந்நட்டத்தை ஈடுசெய்யுமா என்பது தெரியவரும்.