வாயால் உறிஞ்சும் வழக்கம் ஒழியட்டும்!

உல்லாசப் படகு விபத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது படகு கவிழ்வதுதான். 2009-இல் தேக்கடியிலும், 2023-இல் கேரளத்தின் தானூரிலும் நேர்ந்த துயரங்கள் அத்தகையவை. அதனால் உயிர்காப்பு மேலாடை குறித்தும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது குறித்தும் பேசுகிறோம்; பேசத்தான் வேண்டும். ஆனால், படகு துறையில் கட்டிக் கிடக்கும்போதே தொடங்கிவிடும் ஆபத்து ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. கேனிலிருந்து படகின் தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் அந்தப் பத்து நிமிடங்களைத்தான் சொல்கிறேன்.

அண்மையில் உப்பங்கழிப் படகுத் துறை ஒன்றில் இதை நேரில் கண்டேன். பயணிகள் ஏறி அமர்ந்துவிட்டனர். இருபது வயது மதிக்கத்தக்க படகோட்டி, நெகிழிக் கேனுக்குள் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். பெட்ரோல் வாய்க்கு வந்ததும் துப்பிவிட்டு, குழாயைத் தொட்டிக்குள் விட்டார். நான் கேட்டதற்கு, 'பழகிப்போச்சு சார்' என்றார்.

இதிலுள்ள ஆபத்துகள் இரண்டு. ஒன்று அவருடைய நுரையீரலுக்கு. மற்றொன்று படகில் இருந்த அனைவருக்கும்.

பெட்ரோல் நீரைவிட மெல்லிய திரவம், எளிதில் பரவும். விழுங்கும்போது புரையேறிச் சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் சென்றாலும், நுரையீரலின் உட்புறமெங்கும் படர்ந்து, கிருமியே இல்லாத நிமோனியாவை உண்டாக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தீயை வாயால் ஊதி வித்தை காட்டுவோருக்கு வரும் நோயாக மருத்துவ நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. மூச்சுத் திணறல் உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இத்தகைய நேரங்களில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது நம் வீடுகளில் பழக்கம். அதைவிடக் கெடுதல் வேறில்லை. வெளியே வரும் எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்க அது வழி செய்கிறது. வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எரிபொருள் நிலையத்தில் அது தரையோடு பரவிக் கலைந்துவிடும். படகோ ஓட்டையில்லாத பாத்திரம். நீரை உள்ளே விடாத அதே உடல், ஆவியை வெளியே விடுவதில்லை. அது அடித்தட்டில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பற்றும். அதற்கு மின்கல இணைப்பில் எழும் சிறு பொறி போதும். அமெரிக்காவில், 1980 ஜூலை மாதத்துக்குப் பின் கட்டப்பட்ட, பெட்ரோல் என்ஜின் மூடிய அறைக்குள் உள்ள படகுகளில் ஆவியை வெளியேற்றும் மின்விசிறி கட்டாயம். என்ஜினை இயக்குவதற்கு முன் நான்கு நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்பது அங்கு படகோட்டிகளுக்குப் பாலபாடம். நம் ஊரின் திறந்த படகுகளில் என்ஜின் பின்புறம் வெளியே தொங்குவதால் ஆபத்து சற்றுக் குறைவு. ஆனால் பலகைக்கு அடியிலும், தொட்டி வைத்திருக்கும் மூலையிலும் ஆவி தேங்கவே செய்யும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்ற தைரியமும் வீண். பெட்ரோல் நீரில் மிதந்துகொண்டே எரியும். தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான்தான் உதவும்.

பாதுகாப்பான முறை கடினமானதன்று. கையில் தூக்கிச் செல்லக்கூடிய தொட்டியைப் படகிலிருந்து இறக்கி, தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். எரிபொருள் பாயும்போது மின்னேற்றம் உண்டாகிறது. தரையில் வைத்த கலத்திலிருந்து அது வடிந்துவிடும், நெகிழி விரிப்பின்மீது வைத்ததிலிருந்து வடியாது. தொட்டி படகோடு பொருத்தப்பட்டிருந்தால், முதலில் பயணிகளை இறக்கிவிட்டு, என்ஜினை அணைத்து, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கேன் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் எரிபொருள் தானே இறங்கும். அதைத் தொடங்கிவைக்க வாய் எதற்கு? அவுட்போர்டு என்ஜினின் எரிபொருள் குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் குமிழ் ஒன்று இருப்பதைப் படகோட்டிகள் அனைவரும் அறிவர். அதே போன்ற குமிழ் பொருத்திய தனிக்குழாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முனையில் சிறு குண்டு வைத்த குழாயை எண்ணெய்க்குள் மேலும் கீழும் ஆட்டினாலும் போதும். தண்ணீர் இறைக்கும் சிறு மின்மோட்டாரைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் பொறியே தீ வைத்துவிடும்.

தொட்டி நிரம்பியது குழாய்க்குத் தெரியாது. ஆகவே கைப்பேசியை மடித்து வைத்துவிட்டு அருகிலேயே நிற்க வேண்டும். நிறுத்த, குழாயின் மேல்முனையை எண்ணெய்க்கு வெளியே தூக்கினால் போதும். விளிம்புவரை நிரப்புவதும் தவறு. 20 லிட்டர் பெட்ரோல், காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் விரியும். அந்த இடத்தை விடாவிட்டால், அது கழிமுகத்தில்தான் வழியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம். ஆனால் கலம் கண்ணாடியோ பீங்கானோ ஆனால் ஒரு லிட்டருக்கும், உலோகமானால் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. நெகிழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. குடிநீர்க் கேனில் பெட்ரோல் எடுத்துச் செல்லும் நம் வழக்கத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

சில நூறு ரூபாய்க் கருவி ஏன் எல்லாத் துறைகளிலும் இல்லை? முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. கருவியை வாங்க வேண்டியவர் படகின் உரிமையாளர்; உறிஞ்சுவதோ தினக்கூலி பெறும் இளைஞரின் வாய். செலவு ஒருவருக்கும் சேதம் மற்றொருவருக்கும் போகும்போது, செலவு தள்ளிப்போடப்படும். நூறு முறை ஒன்றும் ஆகாததால், நூற்றோராவது முறையும் ஆகாது என்ற கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. அறியாமை என்று படகோட்டியைக் குறை கூறுவது எளிது. அந்த இளைஞருக்கு ஆபத்து தெரியாது என்று நான் நம்பவில்லை. வேறு கருவி அவர் கையில் இல்லை.

ஆகவே, படகுத் துறைகளுக்கு உரிமம் வழங்கும் சுற்றுலாத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். கைப்பம்பும் உலோகக் கலனும் உரிமையாளர் செலவில் இருக்க வேண்டும். எரிபொருள் நிரப்பும் இடம் பயணிகள் ஏறும் இடத்திலிருந்து தள்ளி அமைய வேண்டும். அங்கே உலர்தூள் தீயணைப்பான் தொங்க வேண்டும். உயிர்காப்பு மேலாடையைச் சோதிக்கும் அலுவலரே இவற்றையும் பார்த்துவிடலாம். தனி ஆய்வாளர் தேவையில்லை. அதுவரை, நாம் ஏறிய பின் கேனைத் திறந்தால், நிரப்பி முடித்த பிறகு வருகிறோம் என்று சொல்லிக் கரையில் இறங்கி நிற்கலாம்.