நம் நாட்டு ‘இலையுதிர் காலத்தில்’ கூடாரம் எங்கே அடிப்பது?

செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலம். மரங்கள் சிவக்கும், காற்று குளிரும், குடும்பங்கள் கூடாரத்தோடு காட்டுக்குக் கிளம்பும். பெரும்பாலும் அதே மாதங்களில்தான் நமக்கும் தீபாவளி விடுமுறை வருகிறது. “இந்த முறை எல்லாரும் கேம்பிங் போகலாமா?” என்ற பேச்சு வீட்டில் எழும். தாராளமாகப் போகலாம். ஆனால், பினாங்கில் அந்த மாதங்களுக்குப் பொருத்தமான பெயர் வேறு: மழைக்காலம்.

நிபோங் திபால் அருகே உள்ள பைராம் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மூன்று திசைகள் உண்டு. மேற்கே கடலோரச் சதுப்புநிலக் காடு. கிழக்கே, பட்டணத்தைத் தாண்டினால் புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்காவின் குன்றுகள். வடக்கே கெடாவுக்குப் போனால் குனோங் ஜெராய் மலையின் ஓடைகள். மூன்று இடங்களுமே அழகானவை. ஆனால், ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் வரும் வழி வேறு. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், கூடாரம் அடிக்க ஏற்ற இடமும் தெரிந்துவிடும்.

நமக்கு ஏன் இலையுதிர் காலம் இல்லை?

பூமி 23.5 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவில் உள்ள நாடுகளில், இந்தச் சாய்வினால் பகல் நேரம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகவே, இலை உதிர்க்கும் குளிர்காலம் நமக்கு இல்லை.

நம் பருவங்களை முடிவு செய்வது காற்று. ஏறத்தாழ மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் காற்று வலுவிழக்கிறது. இரு அரைக்கோளங்களின் காற்றும் சந்திக்கும் வட்டாரம் நம் தலைக்கு மேலே தெற்கு நோக்கி நகர்கிறது. வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. பினாங்கில் ஆண்டின் அதிக மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பெய்வது இதனால்தான்.

நவம்பரிலும் கவனம் தேவை. 2017 நவம்பர் 4 இரவும் 5 காலையும் பினாங்கில் பெய்த பேய்மழையையும் வெள்ளத்தையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் 7 பேர் உயிரிழந்தனர்.

மழை எந்த நேரத்தில் வரும்?

இடைப்பருவத்தில் மழைக்கு இரண்டு வழக்கமான நேரங்கள் உண்டு. முதலாவது, பிற்பகலும் மாலையும். நிலம் சூடேறிய பிறகு எழும் இடிமழை இது. இரண்டாவது, விடியலுக்கு முன். இரவில் சுமத்ரா தீவை ஒட்டி உருவாகும் மேகவரிசை மலாக்கா நீரிணையைக் கடந்து, பலத்த காற்றோடு மேற்குக் கரையைத் தாக்கும். இதைச் ‘சுமத்ரா’ புயற்காற்று என்பார்கள். கூடாரத்தில் எல்லாரும் அயர்ந்து தூங்கும் வேளையில் வருவது இது. எனவே, கூடாரத்தை நண்பகலுக்கு முன்பே அடித்துவிட வேண்டும். கயிறுகளையும் முளைகளையும் இருட்டுவதற்குள் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால், மின்னல் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது பாதுகாப்பான தூரம் அல்ல. அதற்குள்ளேயே காருக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். காரின் உலோகக் கூடு மின்சாரத்தைத் தன் வெளிப்புறத்தின் வழியாகத் தரைக்குக் கடத்திவிடும். கூடாரத் துணிக்கு அந்தத் திறன் இல்லை. தனிமரத்தின் அடி இன்னும் மோசமான இடம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம்.

ஓடை: வெயிலிலும் வரும் வெள்ளம்

மலையோடை அருகே கூடாரம் அடிப்பவர்கள், “இங்கே மழையே இல்லையே” என்று ஏமாந்துபோவது உண்டு. ஓடைக்கு வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்து மழை அல்ல. மலை உச்சியில் பெய்யும் மழை.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 50 மில்லியன் லிட்டர். அதில் பாதியை மண் உறிஞ்சிக்கொண்டாலும், மிச்சம் பத்து ஒலிம்பிக் நீச்சல்குளங்களை நிரப்பும். அத்தனையும் ஒரே குறுகிய ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

மேலே விழுந்து கிடக்கும் மரங்களும் பாறைகளும் சில வேளைகளில் தற்காலிக அணைபோல் நீரைத் தேக்கிவிடும். அது உடைந்தால் நீர் ஒரு சுவராகவே பாய்ந்து வரும். மலாயில் இதை ‘கெப்பாலா ஆயேர்’ என்கிறோம். 2021 ஆகஸ்டு 18 அன்று குனோங் ஜெராய் அடிவாரத்தில், யான் வட்டாரத்தில், நீரோடு சேறும் பாறைகளும் மரங்களும் உருண்டு வந்து உயிர்களையும் வீடுகளையும் பறித்தன.

நீரின் வேகம் இரு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்கால் அளவு நீர்கூடப் பெரியவர்களைச் சாய்த்துவிடுகிறது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையின் போக்கில் ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏறுங்கள்.

சரிவு: மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நீர்

2022 டிசம்பர் 16, அதிகாலை 2.42. சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மீது மேலேயிருந்த சாலையோரச் சரிவு இடிந்து விழுந்தது. பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள் பலர் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிக்கிய 92 பேரில் 31 பேர் மாண்டனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று பின்னர் அமைச்சு தெரிவித்தது.

மழை எப்படி ஒரு சரிவை இடிக்கிறது? வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தட்டில் சற்று ஈரமான மணலைக் குவியுங்கள். மணல் துகள்களுக்கு இடையில் உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒட்டிப் பிடிக்கும். இப்போது சிறிது சிறிதாக நீர் ஊற்றுங்கள். துகள்களின் இடைவெளி முழுவதும் நீர் நிரம்பியதும், அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கும், உராய்வு குறையும், குவியல் சரியும். மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. ஆனால், நீர் ஊறிச் சேர நாள்கள் ஆகலாம். எனவே, ‘இன்றைக்கு மழை இல்லை’ என்பது போதாது. கடந்த வாரம் எவ்வளவு பெய்தது என்றும் பார்க்க வேண்டும்.

செங்குத்தான சரிவின் அடியிலும் வெட்டப்பட்ட மண்மேட்டின் ஓரத்திலும் கூடாரம் அடிக்கக் கூடாது. சாய்ந்து நிற்கும் மரங்கள், தரையில் புதிய வெடிப்பு, சரிவிலிருந்து திடீரெனக் கசியும் கலங்கல் நீர் ஆகியவை எச்சரிக்கைகள்.

கடலோரம்: நிலவு சொல்லும் நேரம்

சதுப்புநிலக் காட்டில் நீர் கீழிருந்து வருகிறது. கடல் மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஏற்றம் அதிகம். தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். மாலையில் காய்ந்து கிடக்கும் இடத்தில் நள்ளிரவில் நீர் நிற்கலாம். பைராம் பக்கத்துச் சதுப்புநிலத்தைப் பகலில் பார்த்துவிட்டு, இரவைக் கிரியான் ஆற்றில் படகேறி மின்மினிகளைப் பார்த்துக் கழிப்பதும் ஒரு நல்ல திட்டமே.

அடுப்பு வெளியே இருக்கட்டும்

மழை பெய்யும்போது அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுவரத் தோன்றும். அது உயிருக்கே ஆபத்து. காற்றோட்டமின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். நிறமோ மணமோ இல்லாத அது, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு சேர்ந்துகொள்ளும். தலைவலியும் தூக்கமும்தான் அதன் அறிகுறிகள். தூங்கிப்போனவர்கள் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம்.

வீட்டில் உங்கள் பங்கு

மாணவர்களே, உணவையும் வாகனத்தையும் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள். கீழ்க்காணும் வேலைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

1. தளத்துக்கு உரிமம் உண்டா என்று உள்ளூர் மன்றத்திடமோ வனத்துறையிடமோ கேட்கச் சொல்லுங்கள்.
2. வரைபடத்தில் அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: சரிவா, ஓடையா, சாலையா?
3. ஒரு வாரம் முன்பிருந்தே மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியைத் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை எது வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.
4. போய்ச் சேர்ந்ததும் மேட்டுக்கு ஏறும் வழியை எல்லாருக்கும் காட்டுங்கள். தாத்தா பாட்டியாலும் தம்பி தங்கையாலும் இருட்டில் ஏற முடியுமா என்று பாருங்கள்.
5. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அவசர எண் 999.

தேதியை மாற்ற முடியுமானால், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இன்னும் நல்லவை. வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைத் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கிழக்குப் பக்கமே தடுத்துவிடுவதால், பினாங்கில் அப்போது மழை குறைவு. தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு, சீனப் புத்தாண்டு விடுமுறையில் கூடாரத்தை எடுத்தால், நனையாத இரவுக்கும் தெளிந்த வானத்துக்கும் வாய்ப்பு அதிகம்.