மண்வெட்டி ஏந்திய சேவை

கலாசாலைப் படிப்பு முடிந்து உத்தியோகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட காலத்தில், சில வாரங்களையேனும் சில மாதங்களையேனும் அந்நிய தேசமொன்றில் ஊதியம் கருதாத சேவையில் கழிக்க வேண்டும் என்னும் ஆசை இன்று பல தேசங்களின் இளைஞர் உள்ளங்களில் எழுகின்றது. அது உயர்ந்த ஆசை. போற்றி வளர்க்கத் தக்கது. ஆயினும் முதன்முறையாகப் புறப்படும் இளைஞனும் யுவதியும், ‘அங்கே நான் என்ன செய்யப் போகிறேன்?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘அங்கே யாருடைய சொற்படி செய்யப் போகிறேன்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது அவசியமாகும். இந்த வழக்கம் தோன்றி வளர்ந்த சரித்திரத்தைச் சிறிது கவனித்தால், அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது நன்கு விளங்கும்.

ஸ்விட்ஸர்லாந்தின் ஜனாதிபதியாக 1873ஆம் ஆண்டில் விளங்கிய ஒருவரின் புதல்வராகப் பிறந்து, என்ஜினீயரிங் கற்று, பிதுரார்ஜித சொத்தைத் துறந்து, ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறைவாசமும் ஏற்றவர் பியேர் செரெஸோல் என்பவர். முதல் உலக மகாயுத்தம் ஓய்ந்தபின், சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட, பகைமை பாராட்டிய தேசத்தார் ஒன்றுகூடி இடிந்த வீடுகளைக் கட்டித் தருவதே மேலான காரியம் என்று அவர் கருதினார். 1920ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரான்ஸ் தேசத்து வெர்தூன் போர்க்களத்தையடுத்த எஸ்ன் என்னும் கிராமத்துக்கு அவரும் பல தேசத்துத் தோழர்கள் சிலரும் சென்று, குண்டு விழுந்த பள்ளங்களை நிரப்பியும், பாதைகளைச் சீராக்கியும், மரத்தாலான குடில்களை எழுப்பியும் கடுங்குளிர் காலம் முழுவதும் உழைத்தனர். அவர்களுள் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். யுத்தத்தின் ரணம் ஆறாத அந்தப் பிரதேசத்தில் அவர்களுடைய வருகைக்கு எதிர்ப்பு மூண்டதால், 1921ஆம் ஆண்டு வசந்த காலத்திலேயே அந்த முகாம் கலைய நேர்ந்தது.

வேலையில் குறைவில்லை, நோக்கத்திலும் களங்கமில்லை. எனினும் எவருக்காக அந்தச் சேவை நடந்ததோ அவர்களுடைய மனப்பூர்வமான சம்மதம் முழுமையாகக் கிட்டவில்லை. சம்மதம் கிட்டிய இடத்தில் நிகழ்ந்தது வேறு. ரைன் நதியின் வெள்ளத்தால் மணலும் கற்களும் மூடிக்கிடந்த லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களைத் திருத்துவதற்கு 1928இல் சுமார் 700 தொண்டர்கள் வந்து குவிந்தார்கள். பின்னர், 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்தால் பீஹார் பிரதேசம் சீர்குலைந்தபோது, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட செரெஸோல் கடல் கடந்து வந்தார். ராஜேந்திர பிரஸாதும் மற்றத் தலைவர்களும் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு இணைந்து, வெள்ளத்துக்கு எட்டாத மேட்டு நிலத்தில் புதிய கிராமங்கள் அமைக்கும் முயற்சியில் அவரும் தோழர்களும் ஈடுபட்டனர். வேற்று நாட்டாரின் தோள்வலிமை, அந்தப் பிரதேசத்தாரின் தலைமைக்குத் துணையாக நின்றது என்பதே அந்தச் சேவையின் சிறப்பு.

செரெஸோல் தொடங்கிய ஸர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்னும் ஸ்தாபனமும், அதன் வழியில் தோன்றிய ஏனைய சங்கங்களும் இன்றும் பல தேசங்களில் முகாம்கள் நடத்துகின்றன. முதன்முறை செல்பவருக்கு இவை தக்க பயிற்சிக்களம். சாதாரணமாக இரண்டு மூன்று வாரங்களுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை பல தேசத்தார் ஒன்றாகத் தங்கி, நடைபாதை செப்பனிடுதல், தோட்டவேலை, பழைய கட்டடங்களைப் புதுப்பித்தல் போன்ற பணிகளைச் செய்வார்கள். உணவும் இருப்பிடமும் அங்கே கிடைக்கும்; பதிவுக் கட்டணமும் பிரயாணச் செலவும் பெரும்பாலும் தொண்டரைச் சார்ந்தவை. சமையலும் பாத்திரம் கழுவுதலும் முறைவைத்து நடைபெறுவதால், அதுவரை அடுக்களைப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளைகள்கூட இருபது பேருக்குச் சமைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

நீண்டகாலச் சேவைக்கும் வழிகள் உண்டு. அலெக் டிக்ஸன் தம்பதியின் முயற்சியால் 1958இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. ஸ்தாபனம், ஆரம்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களையே அயல்நாடுகளுக்கு அனுப்பியது. ஜனாதிபதி கென்னடி 1961இல் நிறுவிய அமெரிக்க அமைதிப் படையோ, சில மாத மொழிப் பயிற்சிக்குப் பின் இரண்டாண்டுச் சேவையை எதிர்பார்க்கிறது. வேற்று மொழி பேசும் வகுப்பறையிலோ கிராமத்திலோ பயன்படும்படி ஒருவர் உருவாவதற்குக் காலமும் பாஷை ஞானமும் எவ்வளவு தேவை என்பதை இந்த ஏற்பாடே எடுத்துக்காட்டுகிறது.

இந்த உண்மையை மறந்த சேவை தீங்காகவும் முடியக்கூடும். மெக்ஸிகோவில் தொண்டாற்ற முனைந்த அமெரிக்க மாணவர்களை நோக்கி, இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1968இல் கடுமையாகப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் எங்களுக்கு உதவுவதாக எண்ணி வராதீர்கள் என்பதே அவர் உரையின் சாரம். அந்த வார்த்தையின் உஷ்ணத்தை அநாதை விடுதிகளின் விஷயத்தில் உணரலாம். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இத்தகைய விடுதிகளில் வாழும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கிறார்கள். அயல்நாட்டார் பணம் கட்டி வந்து சில நாள் கொஞ்சிவிட்டுப் போகும் வழக்கம், அந்தக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைப்பதையே சிலருக்கு ஜீவனோபாயம் ஆக்கிவிட்டது. அன்பு காட்டியவர் வாரந்தோறும் மாறிக்கொண்டே இருப்பது பிஞ்சு மனத்துக்கு எத்தகைய வேதனை! ஆகவே, அனுபவமற்ற இளைஞர்கள் குழந்தைகளின் பராமரிப்பையும் வைத்தியத்தையும் ஏற்பதாகச் சொல்லும் திட்டங்களை அடியோடு தவிர்க்க வேண்டும்.

புறப்படுமுன் விசாரிக்க வேண்டியவை சில. அந்த வேலையைக் கேட்டவர்கள் ஊர் ஜனங்களா, அனுப்புகிறவர்களா? கட்டணத்தில் எவ்வளவு ஊரைச் சேர்கிறது? உள்ளூர்த் தொழிலாளி ஒருவனின் கூலியை நம் இலவச உழைப்பு பறிக்கிறதா? நாம் திரும்பிய பிறகு அந்தப் பணியைத் தொடர்பவர் யார்? விசா அத்தகைய சேவையை அனுமதிக்கிறதா, காப்புறுதி உண்டா, நோய்த் தடுப்பு ஊசி தேவையா என்பவற்றைப் பெற்றோரும் உடனிருந்து தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நேரான பதில் தராத ஸ்தாபனத்தை விட்டு விலகுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்தபின், கலியாண வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்தவர் பந்தி விசாரிப்பவரிடம் கேட்டு இலை போடுவதுபோல, அந்த ஊரின் ஒழுங்கை அறிந்து அதற்குள் தம் கைகளைச் சேர்ப்பதே முறை. இரண்டு வார உழைப்பால் ஒரு கிராமத்தின் வறுமை நீங்கிவிடாது. எனினும் ஒரு வாய்க்கால் தூர்வாரப்படலாம், ஒரு சுவர் உயரலாம். அதனினும் முக்கியமாக, தன் கல்வியும் தேசமும் தனக்கு எந்த அதிகாரத்தையும் தராத இடத்தில், பிறர் சொல்லைக் கேட்டுப் பிறர் காரியத்தில் சிரத்தையோடு உழைக்கும் குணம் இளமையிலேயே படிகிறது. அந்தக் குணம் படிந்தவர்களே பிற்காலத்தில் நிபுணர்களாகவும் நிர்வாகிகளாகவும் அமரும்போது, ஏழைகளின் காரியத்தை ஏழைகளைக் கேட்காமல் தீர்மானிக்கத் துணியமாட்டார்கள். அதற்காகவே, தக்க இடம் தேர்ந்து, தக்க அழைப்பைப் பெற்று, நம் பிள்ளைகள் தைரியமாகப் புறப்படட்டும்.