கோப்பும் நம்ம கணக்குப் புத்தகம்தான்!



ஐஸ் போட்டு அனுப்பும் மீன் பெட்டிக்குள் சின்ன அட்டை ஒன்றை வைக்கிறோம் இல்லையா? வழி முழுக்கப் பெட்டியின் வெப்பநிலையை அது நேரத்தோடு குறித்துக்கொண்டே வரும். கைக்கருவியை அருகில் காட்டினால் அந்தக் குறிப்பு முழுவதும் ஒரு கோப்பாகக் கருவிக்குள் வந்துவிடும்.

ஐஸில் வைத்த மீன் 0 டிகிரியை ஒட்டியே இருக்கணும். "வரும்போதே சூடாயிருச்சு" என்று சொல்லி வாங்குபவர் விலையைக் குறைத்தால், நமக்குச் சாட்சி இந்தக் கோப்புதான். குறை நம்ம பக்கம் இருந்தாலும், எந்த நேரத்தில் ஐஸ் தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. அட்டையை வைக்கும் முன் கருவியில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள்.

2. கோப்பை அன்றைக்கே கணினிக்கு மாற்றுங்கள். 2025-03-09-பெட்டி-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைத்தால் தேடி அலைய வேண்டாம்.

3. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து வேலை பாருங்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அப்படியே சேமித்தால் நீளமான அட்டை எண் மாறிப்போகும்.

4. பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இரண்டும் திறக்குதான்னு பார்த்த பிறகே கருவியில் அழியுங்கள்.

5. தேதி, பெட்டி எண், கோப்புப் பெயர் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

இதை ஒருத்தர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. அவர் ஊருக்குப் போன அன்றைக்கு லோடு வந்தால் என்ன செய்வோம்? அடுத்த கூட்டத்திலேயே இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்போம்.