முரசு பிறகு, முதலில் இரு கோல்கள்

எமது முற்றத்து முருங்கைக்காய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'முரசுக்கோல்' என்பதாகும். காய் நீண்டு உருண்டிருத்தல் கண்டு அவ்வாறு அழைத்தனர் போலும். சந்தையிலே முருங்கைக்காய் வாங்கும் தாய்மார், அதனைச் சற்று முறுக்கிப் பார்த்து, முற்றலோ பிஞ்சோ என்று அறிந்த பின்னரே காசை எண்ணிக் கொடுப்பர். ஆனால், பிள்ளைக்கு மெய்யான முரசுக்கோல் வாங்கப் புகுங்கால், கடைக்காரர் எடுத்து நீட்டியதை அப்படியே பெற்று வந்துவிடுகின்றோம். அக்கோலைக் குறித்தும், அதனோடு வேண்டப்படும் பயிற்சிப் பொருள்களைக் குறித்தும் இன்று சில கூற விரும்புகின்றோம்.

ஆண்டின் தொடக்கத்திலே, இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கும்போது, கல்லூரிகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களிற் புதிய மாணவர் சேர்வது வழக்கம். எமது கல்லூரியில் அக்குழுவின் பொறுப்புச் சில ஆண்டுகளாக எம்மிடம் உள்ளது. ஒரு தை மாதத்திலே தந்தையொருவர் எம்மைத் தேடி வந்து, "மாஸ்ரர், பெடியனுக்கு ட்ரம் செற் ஒண்டு வேண்டிக் குடுக்கத்தான் வேணுமோ?" என்று வினவினார். மனைவியின் காப்பை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார். "வேண்டாம், ஐயா. ஒரு சோடி கோலும் றப்பர் ஒட்டிய பலகையொன்றும் முதலாண்டுக்குப் போதும்" என்றோம். அவர் முகத்திலே ஆறுதலும் ஐயமும் ஒருங்கே தோன்றின. அவ்வையம் பெற்றோர் பலருக்கும் உண்டு.

கோலின் இலக்கமும் மரமும்

கோல்களின் மீது 5ஏ, 5பி, 7ஏ, 2பி என இலக்கமும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஏ' என்பது அரங்கிசைக் குழுவையும், 'பி' என்பது பாண்ட் குழுவையும், 'எஸ்' என்பது வீதியணியையும் குறிக்க எழுந்தவை. பெரும்பாலும் இலக்கம் கூடுந்தோறும் கோல் மெலியும். 5ஏ கோல் ஏறக்குறைய 16 அங்குல நீளமும் 14 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பும் உடையது. 2பி கோலின் தடிப்பு 16 மில்லிமீற்றர் அளவினது. செய்வோருக்குச் செய்வோர் இவ்வளவுகள் சிறிது வேறுபடுதலும் உண்டு. பத்து வயதுக்கு உட்பட்ட சிறு கைக்கு 7ஏ ஏற்றது. அதற்கு மேற்பட்டோர் 5ஏ அல்லது 5பி கோலுடன் தொடங்கலாம். அணிநடையில் அடிக்கும் தடித்த கோலை முதல் நாளிலேயே கொடுத்தால், பிள்ளை மணிக்கட்டால் அடியாது தோளால் அடிக்கப் பழகிவிடும். பின்னர் அப்பழக்கத்தை மாற்றுதல் அரிது.

மரங்களுள் ஹிக்கரி என்னும் அமெரிக்க மரம் சிறந்ததெனக் கொள்ளப்படுகிறது. அது உறுதியானது. அடியின் அதிர்ச்சியைக் கைக்குப் பெரிதும் செலுத்தாது. மேப்பிள் அதனினும் இலேசானது. ஓக் பாரமானது. எமது மண்ணிலே தவிற்காரர் இடக்கைக் கழிக்குப் பூவரசைத் தேர்ந்ததும், மரத்தின் இயல்பறிந்து செய்த செயலேயாம். கோலின் நுனி மரமாகவே இருக்கலாம், நைலோன் பூட்டியதாகவும் இருக்கலாம். நைலோன் நுனியை அமெரிக்கரான ஜோ கலாட்டோ 1958 இற் கொணர்ந்தார். அது எளிதிற் சிதையாதாகையாற் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும்.

நாம் செய்த பிழை

இலக்கமும் மரமும் ஒத்திருந்தாலும் ஒரு சோடிக் கோல்கள் தம்முள் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதனை நாம் கற்ற வகையைச் சொல்ல வெட்கமாயினும், பிறர்க்குப் பயன்படுமாதலாற் சொல்லுகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ட்ரம் அணியிலே சேர்ந்தான். அவனது இடக்கை அடி எப்போதும் மங்கியும் பிந்தியும் ஒலித்தது. "வீட்டிலே பழகுவதில்லை" என்று பலர் முன்னிலையிற் கடிந்தோம். "பழகுறனான் சேர்" என்றான். நாம் நம்பவில்லை. போட்டிக்கு இரு வாரங்கள் இருக்கையில் அவனை அணியினின்றும் விலக்கினோம். கோல்களை மேசைமேல் வைத்துவிட்டு அவன் ஒன்றும் பேசாது போனான்.

சில நாட்களின் பின் அக்கோல்களை நாமே எடுத்து அடித்துப் பார்த்தோம். எமது இடக்கையும் மங்கியே ஒலித்தது. மேசைமீது உருட்டினோம். ஒன்று வழுக்கி ஓடிற்று. மற்றது துள்ளித் துள்ளிச் சென்றது. விஞ்ஞானகூடத் தராசிலே நிறுத்தபோது, ஒன்றினும் மற்றது ஒன்பது கிராம் கூடியிருந்தது. அவனை அழைத்து எமது பிழையை ஒப்புக்கொண்டு, புதிய சோடி ஒன்றையும் கொடுத்தோம். "பரவாயில்லை, சேர்" என்று வாங்கிக்கொண்டான். ஆயினும் அவ்வாண்டு அணிக்குத் திரும்பி வந்தானில்லை.

இக்குறை பெரிய கலைஞருக்கும் நேர்ந்ததே. பொஸ்ரன் சிம்பொனி இசைக்குழுவில் 2002 வரை தலைமைத் திம்பனி வாசித்த விக் பேர்த், கடைகளிற் கிடைத்த கோல்களில் நிறைவு கொள்ளாமல், தாமே மரத்தைச் சீவி மாதிரி செய்து, கடைச்சற்காரரைக் கொண்டு கடைவித்தார். 1963 அளவிலே தொடங்கிய அம்முயற்சி, நிறையாலும் சுருதியாலும் ஒத்த கோல்களைச் சோடி சேர்க்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது.

ஆதலால், வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, ஒவ்வொரு கோலையும் கண்ணாடி மேசைமீது உருட்டுக. துள்ளுமாயின் அது வளைந்தது. இரண்டாவது, இரண்டையும் ஒரே அளவு விசையுடன் மரப்பலகையிற் தட்டி ஒலியை ஒப்பிடுக. ஒன்று தணிந்தும் மற்றது உயர்ந்தும் ஒலித்தால் மரத்தின் செறிவு வேறானது. மூன்றாவது, மரத்தின் ரேகை நுனி தொட்டு அடி வரை நேராக ஓடுகின்றதா எனக் காண்க. ரேகை குறுக்கே வெளியேறும் இடத்திலேயே கோல் முறியும்.

பயிற்சிப் பலகை

ஒரு சதுர அடி அளவும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள பலகையில், கால் அங்குலத் தடிப்புள்ள மென்றப்பர்த் துண்டொன்றை ஒட்டினாற் பயிற்சிப் பலகை ஆயிற்று. வழுக்காதிருக்க அடியிலே பழந்துணி விரிக்க. பலகை இடுப்பளவுக்குச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். முழங்கை உடலோடு இயல்பாகத் தொங்கவேண்டும். கோலின் அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தூரத்திலே பெருவிரலும் சுட்டுவிரலும் பற்ற, ஏனைய விரல்கள் தழுவி நிற்கும். அடித்த கோல் தானே எழும். அதனைத் தடுத்து அழுத்தாது எழவிடுதலே முதற் பாடம். சிலர் தலையணையில் அடித்துப் பழகச் சொல்வர். தலையணையிற் கோல் எழுவதில்லை. ஆகவே அது தேறியவர்க்கு உரியது, தொடக்கத்தில் வேண்டாம்.

காலப் பிரமாணத்துக்கு மெற்றனோம் என்னும் கருவி உண்டு. இன்று கைத்தொலைபேசியிலேயே அது கிடைக்கின்றது. அதுவுமில்லையேல், நொடிக்கொரு முறை ஒலிக்கும் சுவர்க்கடிகாரம் நிமிடத்துக்கு 60 அடி கணக்கிட்டுத் தரும். பாடங்கள் அரிச்சுவடி போல வகுக்கப்பட்டுள்ளன. 1933 இல் அமெரிக்காவிலே கூடிய முரசாளர் சங்கம் வகுத்த அடிப்படை அடிகள் 26 ஆயின. 1984 இல் அத்தொகை 40 ஆக விரிந்தது. தொடங்குவோர்க்கு மூன்று போதும். 'வல, இட, வல, இட' என்பது முதலாவது. 'வல, வல, இட, இட' என்பது இரண்டாவது. 'வல, இட, வல, வல. இட, வல, இட, இட' என்பது மூன்றாவது. வாயாற் சொல்லிக்கொண்டே அடித்தல் நன்று. நாள்தோறும் இருபது நிமிடம் பழகுதல், ஞாயிறன்று மட்டும் இரண்டு மணி நேரம் அடித்தலினும் மேலானது.

செவியும் அயலும்

றப்பர்ப் பலகை பணத்தை மட்டுமன்றிச் செவியையும் காக்கின்றது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்டல் தீங்கென்பர். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். இக்கணக்கின்படி, 100 டெசிபெல் ஒலியிலே பாதுகாப்பான நேரம் 15 நிமிடமே. ட்ரம் அருகில் நிற்போர்க்கு ஒலி இவ்வளவைத் தாண்டுதல் அரிதன்று. அணியோடு பழகும்போது நுரையாலான செவியடைப்பான் இடுக. பஞ்சு போதாது. இழந்த செவிப்புலன் மீளாது. பரீட்சைக்குப் படிக்கும் தமக்கையும், அடுத்த வளவிலே நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவரும் பலகையின் மெல்லொலியைப் பொறுப்பர்.

ஓராண்டு இவ்வாறு பழகியும் ஆர்வம் குன்றாத பிள்ளைக்கு முரசு வாங்குவதைப் பற்றி அப்போது ஆலோசிக்கலாம். காப்பை அடகு வைக்கவிருந்த தந்தை, வீட்டிலே கிடந்த பலகையிற் றப்பர் ஒட்டிக் கொடுத்தார். அவர் மகன் இப்போது அணியின் முன்வரிசையில் அடிக்கின்றான். காப்பு வீட்டிலேயே இருக்கின்றது.

புதிய மாணவர்க்குக் கோல் வழங்கும் நாளிலே, ஒவ்வொரு சோடியையும் அவர்கள் கண்முன்னே மேசைமீது உருட்டிக் காட்டிய பின்னரே கையிற் கொடுக்கின்றோம். ஏன் உருட்டுகின்றோம் என்று யாரேனும் கேட்டால், அந்த எட்டாம் வகுப்பு மாணவனின் கதையைச் சொல்லுகின்றோம்.