பார்மட் அடிக்கும் முன்...

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் இறங்கினால், கொடைக்கானலுக்கு மலையேறக் காத்திருக்கும் பஸ்ஸின் உறுமல் முதலில் கேட்கும். அடுத்து கண்ணில் படுவது ஜெராக்ஸ் கடைகளும் கணினி மையங்களும். பத்திரம் டைப் அடிக்க, பட்டா நகல் எடுக்க, பரீட்சைக்கு விண்ணப்பிக்க என்று காலையிலேயே ஆள் வந்து நிற்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதால், அந்த வேலையும் சேர்ந்துகொண்டது.

அப்படி ஒரு காலையில் கடையின் கணினி திறக்க மறுத்தால்? முந்தின இரவு "அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த திரை இன்று நீலமாக நிற்கிறது. அல்லது புள்ளிகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கின்றன. சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போனால் பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "பார்மட் அடிச்சிரலாமாண்ணே?"

பதற்றத்தில் இருப்பவர் "சரி தம்பி" என்றுவிடுகிறார். பார்மட்டில் வட்டில் இருப்பதெல்லாம் அழிய, பத்து வருட உழைப்பு அந்த ஒரு சொல்லில் போய்விடுகிறது. திறக்காத கணினி செத்துப்போன கணினி அல்ல. அப்டேட்டால் முடங்கிய கணினிகளில் பெரும்பாலும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டுக் கதவின் பூட்டு இறுகிவிட்டது என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

ஆடி முதல் வெள்ளி

உலகமே இந்தப் பாடத்தைப் படித்த நாள் 2024 ஜூலை 19. ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குச் சிறிய அப்டேட் ஒன்றை அனுப்பியது. தவறு தெரிந்து 10.57க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடங்களில் விழுந்த விண்டோஸ் கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம். இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. பயணிகளுக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் மிகச் சிறியது. புதிய விதிகள் 21 தகவல்களை எதிர்பார்த்தன. கணினியில் இருந்த நிரல் கொடுத்ததோ 20. இருபது இலை போட்ட பந்தியில் இருபத்தொன்றாவது இலையைத் தேடிப் பரிமாறப் போனதுபோல, நிரல் இல்லாத இடத்தைப் படிக்கப்போய் இடறியது. அந்தப் பாதுகாப்பு நிரல் விண்டோஸின் கருவறைக்குள்ளேயே இயங்குவது. அங்கே ஒன்று இடறினால் மொத்தக் கணினியும் நின்றுவிடும். மறுபடி போட்டால் அதே கோப்பு மறுபடி ஏறும், மறுபடி விழும்.

மருந்தும் அதே அளவுக்கு எளியது. கணினியை 'சேஃப் மோட்' என்ற குறைந்தபட்ச நிலையில் திறந்து, பெயரில் 291 என்ற எண் கொண்ட அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். பல கணினிகளில் இதை எங்கிருந்தோ உட்கார்ந்து செய்ய முடியவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் போய் நிற்க வேண்டியிருந்தது. ஜூலை 25 வாக்கில் 97 சதவீதத்துக்கு மேல் மீண்டுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. இத்தனை பெரிய விபத்துக்கும் தீர்வு பார்மட் அல்ல, ஒரு கோப்பை நீக்குவது. நம் ஊர்க் கடைக்கும் அதுவே வழிகாட்டி.

எந்தப் படியில் நின்றது?

கணினி திறப்பது படிப்படியான வேலை. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் விழித்து வட்டைத் தேடுகிறது. வட்டிலுள்ள தொடக்க நிரல் இயங்குதளத்தின் மையத்தை எழுப்புகிறது. மையம் டிரைவர்களை ஏற்றுகிறது. கடைசியில்தான் உங்கள் பெயர் திரையில் வருகிறது. அப்டேட் இதில் ஏதாவது ஒரு படியை மாற்றி வைக்கிறது. மாற்றும் வேளையில் மின்சாரம் போனால் படி பாதியில் நிற்கும். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழும் மலையடிவார ஊர்களில், நல்ல பேட்டரியுள்ள யூபிஎஸ் கணினிக்கு உயிர்க்காப்பு.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். சதவீத எண் நகர்ந்துகொண்டிருந்தால் பொறுத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். உண்மையிலேயே நின்றுவிட்டதென்றால், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். தொடங்கும்போதே இரண்டு மூன்று முறை இப்படி அணைந்தால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்ப்புத் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முதலில். பலிக்காவிட்டால், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதி. பிறகு 'சிஸ்டம் ரீஸ்டோர்', 'சேஃப் மோட்'. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அப்டேட்டுக்கு முந்தைய மையம் (கெர்னல்) பெரும்பாலும் தொடக்கப் பட்டியலிலேயே காத்திருக்கும்.

எதுவும் பலிக்கவில்லையா? லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவில் கணினியைத் திறந்தோ, வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டியோ, கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். பார்மட் என்ற பேச்சு அதன் பிறகுதான்.

நாற்பத்தெட்டு இலக்கச் சாவி

ஒரு தடை வரலாம். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது, வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. 2024 ஜூலை 9 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திடீரென்று 48 இலக்கச் சாவியைக் கேட்டன. இப்படி ஒரு பூட்டு இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆகஸ்ட் 13 அப்டேட்டில் அது சரிசெய்யப்பட்டது. சாவி இல்லாவிட்டால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் படிக்க முடியாது. பெரும்பாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைக்காரரே அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி அமைத்துக்கொடுத்த கணினி என்றால், இன்றே கேட்டு வாங்குங்கள்.

எழுத்தும் சேர்ந்து போகும்

தமிழில் வேலை செய்பவருக்கு பார்மட் இன்னொரு இழப்பையும் தருகிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பத்திர எழுத்தரிடமும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையிலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேர்ந்த கோப்புகள் ஏராளம். கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், மறுநாள் திறக்கும்போது தமிழ் இருக்காது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் இருக்கும். தட்டச்சு மென்பொருளை நிறுவும் குறுந்தகடு எப்போதோ தொலைந்திருக்கும். ஆகவே நகல் எடுக்கும்போது எழுத்துரு அடைவையும் சேர்த்து எடுங்கள்.

ராஜம் ஐயரும் சுப்பிரமணிய சிவாவும் பி.எஸ்.ராமையாவும் பிறந்த ஊர் வத்தலக்குண்டு. அவர்கள் எழுதியது தாளில் நின்றது. இன்று இந்த ஊரின் எழுத்து, கிரயப் பத்திர வரைவு முதல் பள்ளி ஆண்டு மலர் வரை, கடைகளின் வட்டுகளில் இருக்கிறது. அதற்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? வாரம் ஒரு நாள், கடையடைக்கும் நேரத்தில், தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து அதைக் கழற்றி வேறிடத்தில் வைத்தால் போதும்.

நிறுவனங்களும் பாடம் கற்றிருக்கின்றன. திறக்காத கணினியைத் தொலைவிலிருந்தே சரிசெய்யும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2025இல் விண்டோஸ் 11இல் சேர்த்தது. அதற்காகப் பயந்து அப்டேட்டைத் தவிர்க்கவும் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்போருக்குப் பாதுகாப்புக் கவலை கூடுதல்.

வசதிகள் வரட்டும். எப்படியானாலும், சர்வீஸ் கடையில் அந்தக் கேள்வி வரும்போது சொல்ல வேண்டிய பதில் இது: "முதல்ல உள்ளே இருக்கிறதை வெளியே எடுங்க தம்பி. எடுத்ததை நான் ஒவ்வொண்ணா திறந்து பார்த்துக்கிறேன். அப்புறம் பார்மட் அடிக்கலாம்."